கையெழுத்துப் போடப்போவது யார்?

வணக்கமுங்க. தறியை நிறுத்திவிட்டும் பனியன் கம்பெனியில் பர்மிஷன் சொல்லிவிட்டும் வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது நம் ஊர்ப்பக்கம் பெரும்பாலும் எப்படி நடக்கிறது? தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுவார். முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழுந்து, "ஏனுங்க, நம்ம மேக்கால வளவு அம்மணியவே போட்டுரலாமுங்களே" என்பார். நாலு பேர் தலையாட்டுவார்கள். மற்றவர்களுக்கு மறுத்துப் பேசச் சங்கடம். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த அம்மணி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்று அந்தப் பத்து நிமிஷத்தில் ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள்.

அந்த வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு இந்தக் குழுவுக்கு முக்கியமாக மூன்று பொறுப்புகளைக் கொடுத்திருக்கிறது. பள்ளி நடப்பதைக் கண்காணிக்க வேண்டும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும், வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்க வேண்டும். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-ல் 20 பேர் குழுவாக அமைத்தார்கள், அதில் 15 பேர் பெற்றோர். 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். பதவிக்காலம் இரண்டு ஆண்டு.

இந்த இரண்டு ஆண்டுக் கணக்கைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கிற வரைக்கும்தான் ஒருவர் பெற்றோர் உறுப்பினர். தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் அம்மாவைத் தலைவராகப் போட்டால், வருகிற மே மாதம் பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விடும், நாற்காலி காலியாகிவிடும். புதிதாக வருகிறவர் வேலையைப் புரிந்துகொள்ளவே ஆறு மாசம் ஓடிவிடும். ஆகவே ஒருவர் பேர் சொல்லப்பட்டதும் "குழந்தை எத்தனாவது படிக்குதுங்க?" என்று கேளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்றால் நிம்மதி.

அடுத்ததாக, "எந்த ஷிப்டு?" என்று கேட்க வேண்டும். கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைக்கிறார்கள். ஸ்பின்னிங் மில்லில் பகல் ஷிப்டு போகிறவர், வாரச் சம்பளத்துக்குத் தறி ஓட்டுகிறவர், அவிநாசிப் பக்கம் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர், இவர்களுக்கு அரைநாள் போனால் அந்த அரைநாள் காசும் போச்சு. அதற்காக அவர்களை ஒதுக்கிவிடக் கூடாது, அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் அவர்களுடையவைதான். மாதம் ஒரு கூட்டத்துக்கு எப்படி வருவார், வீட்டில் யார் ஒத்தாசை, மேஸ்திரி விடுவாரா என்பதை முன்கூட்டியே பேசிக்கொண்டால் போதும். பெற்றோர் இல்லாத பிள்ளையை வளர்க்கிற அமுச்சியும், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியும், பாதுகாவலர்தான், குழுவுக்கு வரலாம். திருப்பூர்ப் பக்கம் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். இங்கே ஓட்டர் ஐடி முக்கியமில்லை. பிள்ளை பேர் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்தால் போதும்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. 101 முதல் 250 பிள்ளைகள் இருந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாய், 251 முதல் 1,000 வரை என்றால் 75,000. இதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு. முழுத்தொகையும் நேரத்துக்கு வந்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். வருகிற பணத்துக்கான தாளில் தலைமையாசிரியரோடு குழுத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

தீர்மானப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் ஒரு பள்ளியின் குழு எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும். சில பள்ளிகளில் பக்கத்தின் கீழே பத்துப் பதினைந்து கையெழுத்து வரிசையாக, ஒரே பேனா மையில் இருக்கும். மேலே பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். கூட்டத்தன்று அவசரமாகக் கையெழுத்தை வாங்கிவிட்டு, தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டது அது. பின்னால் அங்கே என்ன எழுதப்பட்டாலும் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. அதனால் போட்டியிடுகிறவரிடம், "எழுதாத தாளில் கையெழுத்துக் கேட்டால் என்ன செய்வீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் வரக்கூடாதா? தாராளமாக வரலாம். "படிச்சுச் சொல்லுங்க, அப்பறம் போடறனுங்க" என்று சொல்லத் துணிவிருந்தால் போதும். கூச்சப்பட்டு மடமடவென்று போட்டுவிடுகிற பட்டதாரியைவிட அவர் எவ்வளவோ மேல்.

வீட்டுக்காரர் சிமெண்ட், எம்-சாண்ட், பெயிண்ட் வியாபாரம் செய்கிறாரா என்றும் பாருங்கள். செய்வது குற்றமில்லை. ஆனால் தன் கடைப் பில்லுக்குத் தானே கையெழுத்துப் போடுகிற நிலை வரக்கூடாது. பள்ளிக்குச் சரக்குக் கொடுக்க மாட்டேன் என்று கூட்டத்திலேயே சொல்லட்டும், அதைப் பதிவேட்டில் எழுதட்டும். ஆள் நியமனத்துக்கும் இது பொருந்தும். 2022-ல் காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியரைப் போடும் பொறுப்பை அரசு இந்தக் குழுக்களிடம் கொடுத்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய். தகுதியில்லாதவர்கள் உள்ளே வந்துவிடுவார்களோ என்று விவகாரம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. "பங்காளி மகளுக்கு வேலை வேணும்" என்று வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றால் முடியாது என்று சொல்லக்கூடியவரா? அவரை அறிந்தவர்கள் நீங்கள்தான்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். 2018-ல் அவிநாசி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில், சத்துணவு சமைக்கிற அம்மா அருந்ததியர் என்பதற்காகச் சிலர் எதிர்த்தார்கள். அவருக்கு இடமாற்ற உத்தரவு வந்தது, போராட்டத்துக்குப் பிறகு அது ரத்தானது. நாடே பார்த்த செய்தி. இப்போது தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சமைக்கிறோம். நலிந்த பிரிவினருக்கு அவர்கள் விகிதப்படி குழுவில் இடம் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காலனியிலிருந்து ஒருவர் பேரை எழுதிவிட்டு, கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடாமல் விட்டால் அது சட்டத்தை ஏமாற்றுவது. தலைவராக வருகிறவர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதே பானைச் சோற்றை ருசி பார்ப்பாரா? இதைக் கேட்கத் தயங்காதீர்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் அவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.

பேச்சைக் கேட்டு மட்டும் முடிவு செய்ய வேண்டாம், ஒரு சின்ன வேலை கொடுங்கள். போட்டியிடுகிறவர்களைப் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்கு அனுப்பி, பார்த்ததைச் சொல்லச் சொல்லுங்கள். "சரியில்லீங்க" என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர், "ரெண்டு இருக்குது, ஒண்ணுல உள்தாழ்ப்பாள் இல்ல, கதவோட அடிப்பக்கம் துருப்பிடிச்சு ஓட்டை, குழாய்ல தண்ணி வருது, வாளி இல்ல, நாப்கின் போடக் கூடை இல்ல" என்பார். இரண்டாமவர்தான் வேண்டும். தீர்மானமும் அப்படித்தான் எழுதப்பட வேண்டும். "கழிப்பறை சரிசெய்யப்பட வேண்டும்" என்று எழுதி, குழுவின் தீர்மானங்களை மேலே அனுப்புகிற பெற்றோர் செயலியில் (கைபேசி ஆப்) ஏற்றினால், மேலே இருக்கிற அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை பிள்ளைகள், எத்தனை கழிப்பறை, எந்தக் கதவு, என்ன செலவு என்று இருந்தால் தட்டிக்கழிக்க முடியாது. ஆசிரியர் கணக்கும் அப்படியே. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 பேர், 61 முதல் 90 வரை 3 பேர், 91 முதல் 120 வரை 4 பேர். உங்கள் பள்ளியில் 64 பிள்ளைகளும் இரண்டே ஆசிரியர்களும் இருந்தால், அந்த எண்ணை எழுதிக் கேட்கத் தெரிந்தவர் வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறைக்கு ஒரு வார்த்தை. கை தூக்கச் சொன்னால் முதலாளி எதிரில் தொழிலாளி கை எழும்பாது, மாமியார் எதிரில் மருமகள் கை எழும்பாது. ஒன்றுக்கு மேல் பேர் வந்தால் சீட்டு எழுதிப் போடலாம் என்று தலைமையாசிரியரிடம் கூட்டம் தொடங்கும்போதே கேளுங்கள். எழுதத் தெரியாதவருக்கு ஒவ்வொரு பேருக்கும் ஒரு நிறச் சீட்டு வைத்துக்கொள்ளலாம். எல்லோர் முன்னாலும் எண்ணி, எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதி, அதையே பதிவேட்டில் ஏற்றிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

தேர்தல் கூட்டத்துக்குத் தேதி சொன்னவுடன் மேஸ்திரியிடம் பர்மிஷன் கேட்டு வைத்துவிடுங்கள். எந்தச் சான்றிதழும் கொண்டுவர வேண்டாமுங்க. பிள்ளை பேரும் வகுப்பும் சொன்னால் போதும்.