கூரைக்கு அடியில் வந்த சந்தை

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய மார்க்கெட் கட்டடம் எதற்குள் நுழைந்தாலும் நான் முதலில் அண்ணாந்து பார்ப்பேன். அடுத்து குனிந்து தரையைப் பார்ப்பேன். நன்றாகக் கட்டியதாக இருந்தால், கூரையின் நடுமுகடு மட்டும் உயர்ந்து நிற்கும். அதன் இரு பக்கமும் சாய்ந்த பலகைகள் வரிசையாக இருக்கும். வெக்கை அந்த இடுக்கு வழியே மேலேறிப் போய்விடும். வெளிச்சம் உள்ளே வரும், சாரல் வராது. தரை கண்ணுக்குத் தெரியாத அளவு சரிந்து வாய்க்காலில் போய் முடியும். கடை கட்டியதும் நாலு வாளித் தண்ணீர் விட்டால் மீன் செதிலும் அழுகிய இலையும் ஓடிவிடும். இந்த இரண்டும் சரியாக அமையாவிட்டால் அது வெறும் கொட்டகைதான்.

சந்தை முதலில் தெருவில்தான் இருந்தது. அதை உள்ளே கொண்டுபோகக் காரணம், பெரும்பாலும் இறைச்சிக் கடைகளால் வந்த அசுத்தம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் முக்கிய வீதிகளை அடைத்துக்கொண்டிருந்த கடைகளை அகற்றுவதற்காகவே ஒரு மார்க்கெட் கட்டினார்கள். 1774 நவம்பர் 1 அன்று அது திறந்தது. வரைபடம் போட்டவர் ஜான் க்வின். அந்த ஊரின் மாக்டலன் பாலமும் அவர் வடிவமைத்ததே. இறைச்சிக் கடைகளில் தொடங்கி, பிறகு காய்கறி, மீன், பால்பொருள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஊர் சுத்தமானது உண்மை. ஆனால் தெருவோரம் கூடையை இறக்கி விற்றவர், கூரைக்கு அடியில் வாடகைக்காரர் ஆனார். இதை நாம் மறந்துவிடக் கூடாது.

1822இல் லிவர்பூலில் வந்த செயின்ட் ஜான்ஸ் மார்க்கெட்டில் வார்ப்பிரும்புத் தூண்களும் எரிவாயு விளக்குகளும் இருந்தன. இருட்டிய பிறகும் வியாபாரம் நடந்தது. 1835இல் நியூகாசிலில் கிரெய்ஞ்சர் மார்க்கெட் திறந்தபோது, அதற்குள்ளேயே சுமார் 2,000 பேர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பாரிஸ் கதை இன்னும் சுவையானது. அங்கே நகர மார்க்கெட்டுக்காக விக்டர் பால்தார் என்ற கட்டடக் கலைஞர் முதலில் கட்டியது கல்லாலான மண்டபம். கோட்டை மாதிரி இருக்கிறதென்று ஊரே கேலி செய்தது. பிரான்ஸின் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வேலையை நிறுத்தச் சொன்னார். பிறகு அதே பால்தார் இரும்பும் கண்ணாடியும் கொண்டு பெரிய குடைகள் விரித்தாற்போல் வரிசையாக மண்டபங்களை எழுப்பினார். தோற்ற இடத்திலேயே நின்று ஜெயித்த மனிதர்! பல நாட்டு மார்க்கெட்டுகளுக்கு அந்த இரும்புக் குடைகளே முன்மாதிரி ஆயின.

எனக்கு மார்க்கெட் என்றால் கட்டடம் மட்டுமல்ல, சிறு வியாபாரி கால் ஊன்றும் இடம். மைக்கேல் மார்க்ஸ் என்ற யூதர், ஆங்கிலம் சரியாகப் பேச வராதவர், 1884இல் லீட்ஸ் கிர்க்கேட் சந்தையில் ஒரு மேசை போட்டார். 'விலை கேட்காதீர்கள், ஒரு பென்னிதான்' என்று பலகை வைத்தார். பேரம் பேச மொழி வேண்டும். அந்தப் பலகை அவருக்காகப் பேசியது. திறந்தவெளியில் தொடங்கியவர் பிறகு கூரைக்கு அடியில் நகர்ந்தார். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற பெரிய பிரிட்டிஷ் கடை நிறுவனம் வளர்ந்தது அங்கிருந்துதான்.

குளிர்சாதனப் பெட்டி வந்தது, கார் வந்தது, சூப்பர் மார்க்கெட் வந்தது. தினமும் கூடையோடு போக வேண்டிய தேவை குறைந்தது. லாரிகள் நெருக்கியதால் பாரிஸ் மார்க்கெட் 1969இல் ஊருக்கு வெளியே ரங்கிஸுக்குப் போனது. 1971இல் மண்டபங்களை இடிக்கத் தொடங்கினார்கள். ஒன்றை மட்டும் பிரித்து, பாரிஸுக்கு அருகே நோஜான் சுர் மார்ன் என்ற ஊரில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இடிப்பு எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான்.

பார்சிலோனாவில் வேறு மாதிரி செய்தார்கள். சாந்தா காத்தரினா மார்க்கெட்டின் பழைய சுவர்களை விட்டுவைத்து, வண்ண ஓடு பதித்த அலைக்கூரையை மேலே போட்டு 2005இல் திறந்தார்கள். அடியில் காய்கறி விற்கிறார்கள், மீன் விற்கிறார்கள். அதுதான் முக்கியம். பழுது பார்த்த கையோடு வாடகையை ஏற்றி, காய்கறிக்காரரை வெளியேற்றி, அந்த இடத்தை வெறும் காப்பிக் கடைகளுக்குக் கொடுத்தால் மிஞ்சுவது கூரை மட்டுமே.

நியூகாசில் மார்க்கெட்டுக்குள் எடை பார்க்கவென்றே ஒரு சின்ன அறை உண்டு. வாங்கிய சரக்கின் எடை சரியா என்று பார்க்க ஏற்பட்டது. இப்போது ஜனங்கள் அங்குள்ள தராசில் ஏறித் தங்கள் எடையைப் பார்த்துக்கொள்கிறார்கள். தராசு இன்னும் வேலை செய்கிறது.