சிறிய நிறுவனம் என்றால் நோய் விடுப்பு தர வேண்டியதில்லையா?

வணக்கம். நான்கு பேர், பத்து பேர், இருபது பேர் என்ற அளவில் ஆட்களை வைத்துத் தொழில் நடத்துகிறவர்களுக்காகவே இன்றைய காணொளி. ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பு என்ற பேச்சு வந்தவுடன், அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கான சட்டம், நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்த எண்ணத்துக்கு இருந்த சட்ட ஆதரவு ஆண்டுக்கு ஆண்டு கரைந்து வருகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். தனியார் துறை முழுமைக்குமான ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்புச் சட்டம் எதுவும் அங்கே கூட்டரசு அளவில் இல்லை. 1993ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரங்கள் வரை விடுப்பு தருகிறது. ஆனால் அது ஊதியமற்ற விடுப்பு, தனியார் துறையில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தும். எனவே மாநிலங்களும் நகரங்களும் தனித்தனியாகச் சட்டம் இயற்றத் தொடங்கின. 2006இல் சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் அதற்கு ஒப்புதல் அளித்தார்கள். மாநில அளவில் 2011இல் கனெக்டிகட் முதலில் சட்டம் இயற்றியது. அந்தக் கனெக்டிகட்டின் போக்கைக் கவனியுங்கள். தொடக்கத்தில் 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் மட்டுமே அதற்குள் வந்தன. 2025 முதல் 25 பேர், 2026 முதல் 11 பேர், 2027 முதல் ஒரே ஒருவரை வைத்திருந்தாலும் பொருந்தும் என்று அந்த வரம்பைப் படிப்படியாக இறக்கிவிட்டார்கள். கலிஃபோர்னியாவிலோ ஆள் எண்ணிக்கை என்ற வரம்பே கிடையாது. ஆஸ்திரேலியாவில் முழுநேர நிரந்தரப் பணியாளருக்கு ஆண்டுக்கு 10 நாள்கள் என்ற விதி சிறு தொழிலுக்கும் அப்படியே பொருந்துகிறது.

வரம்பு இருக்கும் இடங்களிலும் யாரையெல்லாம் எண்ணுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 5 முதல் 99 பேர் வரை உள்ள நிறுவனம் ஆண்டுக்கு 40 மணி நேரம் ஊதியத்துடன் தர வேண்டும். 100 பேரும் அதற்கு மேலும் என்றால் 56 மணி நேரம். நான்கு பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அந்த 40 மணி நேரத்தை ஊதியமில்லாமல் தரலாம். ஆனால் முந்தைய ஆண்டின் நிகர வருமானம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியிருந்தால் அந்தச் சலுகையும் போய்விடும். ஆக, நான்கு பேர்தான் என்றாலும் விடுப்பே இல்லை என்று சொல்ல அங்கே வழியில்லை. எண்ணிக்கையும் டிசம்பர் மாதக் கணக்கைப் பார்த்து முடிவு செய்வதன்று; அந்த ஆண்டில் ஒரே நேரத்தில் பணியில் இருந்தவர்களின் உச்ச எண்ணிக்கையே கணக்கு. நெருக்கடியான பருவத்தில் இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்ட முதலாளி, அவர்கள் போன பிறகும் ஐந்து பேருக்கான விதிக்குள்ளேயே இருக்கக்கூடும்.

அடுத்து, பணம் யாருடைய பையிலிருந்து போகிறது என்பது. சிறு முதலாளிக்கு உண்மையான கவலை இதுதான் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். அமெரிக்க மாநிலச் சட்டங்களில் பொதுவாக முழுச் சுமையும் முதலாளிக்கே. இந்தியாவில் ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வரும் தொழிலாளிக்கு, சந்தாக் கணக்கு சரியாக இருந்தால், ஊதியத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை காப்பீட்டு நிதியிலிருந்தே கிடைக்கிறது. ஜெர்மனியின் ஏற்பாடு இவை இரண்டுக்கும் இடைப்பட்டது. நான்கு வாரங்கள் தொடர்ந்து பணியில் இருந்தவர் நோயுற்றால் ஆறு வாரங்கள் வரை முதலாளியே முழு ஊதியத்தையும் தர வேண்டும். கேட்பதற்கு மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் 30 பேருக்கு மேற்படாத நிறுவனங்கள் ஒரு பொது நிதிக்கு மாதந்தோறும் பங்கு செலுத்துகின்றன. அப்படிக் கொடுத்த ஊதியத்தில் 80 சதவீதம் வரை அந்த நிதியிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். சிறு தொழிலுக்கு விலக்கு தருவதைவிட இப்படிச் சுமையைப் பகிர்ந்துகொள்வதே நேர்மையான வழி என்பது என் கருத்து. விலக்கு தரும்போது முதலாளியின் செலவு மறைவதில்லை. அது நோயுற்ற தொழிலாளியின் தலையில் இறங்குகிறது.

விடுப்பைக் கணக்கிட இரண்டு முறைகள் உண்டு. வேலை செய்த மணிகளுக்கு ஏற்பச் சேர்ந்துகொண்டே போவது ஒன்று. ஆண்டின் தொடக்கத்திலேயே மொத்தமாக வரவு வைத்துவிடுவது மற்றொன்று. கலிஃபோர்னியாவில் 30 மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர விடுப்பு சேர்கிறது. வாரம் 15 மணி நேரம் வேலை செய்பவருக்கு இரண்டு வாரங்களுக்கு ஒரு மணி, ஆண்டுக்கு 26 மணி. மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மொத்தமாக 40 மணி நேரத்தையோ ஐந்து நாள்களையோ முன்னதாகவே தந்துவிட்டால் கொண்டுபோகும் கணக்கு இல்லை. எல்லோரும் முழுநேரப் பணியாளர்களாக உள்ள சிறிய இடத்துக்கு இரண்டாவது முறை பெரிய நிம்மதி. பகுதிநேரத்தினர் மிகுதியாகவும் அடிக்கடி மாறுகிறவர்களாகவும் இருந்தால் முதல் முறையே செலவு குறைந்தது. ஏனெனில் மொத்தமாகத் தருவதானால் பகுதிநேரத்தினருக்கும் அதே அளவுதான்.

மருத்துவச் சான்றிதழ் பற்றி நாடுகளுக்கிடையே நிறையவே வேறுபாடு இருக்கிறது. பிரிட்டனில் முதல் ஏழு நாள்களுக்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை, பணியாளரின் சொந்த அறிவிப்பே போதும். ஜெர்மனியில் மூன்று நாள்களைத் தாண்டினால் சான்று வேண்டும். முதலாளி விரும்பினால் முன்னதாகவும் கேட்கலாம். முதலாளிக்குத் தெரிய வேண்டியது எத்தனை நாள் வேலைக்கு வர இயலாது என்பதே. என்ன நோய் என்று அங்கே முதலாளிக்குத் தெரிவிப்பதில்லை. ஆனால் நம்மவர்களில் பலருக்கு, என்ன வியாதி என்று துருவிக் கேட்பதே அக்கறையின் அடையாளம்!

இனி, சிறிய இடங்களில் அன்றாடம் நடப்பதும், நடக்கக் கூடாததுமான ஒன்று. காய்ச்சலில் படுத்திருப்பவர் அழைத்து வர முடியாது என்று சொன்னால், அப்படியானால் உனக்குப் பதில் ஓர் ஆளை நீயே பார்த்து அனுப்பு என்று பதில் வரும். கலிஃபோர்னியச் சட்டம் இதை வெளிப்படையாகவே தடை செய்கிறது. மாற்று ஆளைத் தேடித் தருவதை விடுப்புக்கான நிபந்தனையாக்க முடியாது. விடுப்புச் சட்டம் மீறப்பட்டதாகத் தொழிலாளி புகார் அளித்த 30 நாள்களுக்குள் அவரை வேலையிலிருந்து நீக்கினாலோ அவரது நிலையைத் தாழ்த்தினாலோ, அது பழிவாங்கும் நடவடிக்கை என்றே முதலில் கருதப்படும்; அப்படியல்ல என்று காட்டும் பொறுப்பு முதலாளியுடையது. நியாயமான காரணம் இருந்திருந்தாலும் எழுத்தில் பதிவு இல்லாதவர் அங்கே தடுமாறத்தான் செய்வார். ஆகவே வேலைத்திறன் குறித்த எச்சரிக்கைகளை அவ்வப்போதே தேதியிட்டு எழுதி வைத்திருங்கள். வருகைக் குறைவுப் புள்ளிகள் போடும் வழக்கம் உள்ள இடங்களில், சட்டப்படி எடுத்த நோய் விடுப்பை அதில் சேர்க்காதீர்கள்.

பதிவேடுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மீதமுள்ள விடுப்பு எவ்வளவு என்பதை ஒவ்வொரு ஊதியத்தின்போதும் எழுத்தில் காட்ட வேண்டும், மூன்று ஆண்டுகளுக்குக் கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்பவை கலிஃபோர்னியாவின் விதிகள். இதற்கெனத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை, ஒழுங்காக நிரப்பிய அட்டவணை ஒன்று போதும்.

பணியாளர் விலகும்போது என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றும். கலிஃபோர்னியாவில் எடுக்காத நோய் விடுப்புக்குப் பணம் தர வேண்டியதில்லை. ஆனால் அவரே ஓராண்டுக்குள் திரும்பி வந்தால் பழைய மீதியை அவர் பெயரில் மீண்டும் சேர்க்க வேண்டும் என்பதால், விலகிய நாளிலேயே கணக்கை அழித்துவிடாதீர்கள். நோய் விடுப்பையும் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுமுறையையும் ஒரே கணக்கில் கலந்து கொடுத்திருந்தால் நிலைமை வேறு. சேர்ந்த விடுமுறையை அந்த மாநிலம் ஊதியமாகவே கருதுவதால், அந்தக் கலவைக் கணக்கில் மிச்சமிருப்பது முழுவதையும் கடைசிச் சம்பளத்துடன் கொடுத்தாக வேண்டும்.