என் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது: என்.எச்.எல். ஒப்பந்தங்களில் இருக்கும் அந்த ஒரு வரி

[திரையில்: 2022 மார்ச் 21, திங்கட்கிழமை]

வணக்கம். ஐஸ் ஹாக்கியை விடாமல் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தேதி நன்றாக ஞாபகம் இருக்கும். வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில், அந்த சீசனில் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ள, அதாவது டிரேட் செய்ய, அதுதான் கடைசி நாள். வேகஸ் கோல்டன் நைட்ஸ் அணி, எவ்கெனி டடோனோவ் என்கிற ரஷ்ய வீரரை அனஹைம் டக்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டதாக அறிவித்தது. டிவியில் செய்தி ஓடியது, நிபுணர்கள் அலசினார்கள், எல்லாம் முடிந்தது.

இரண்டு நாள் கழித்து லீக்கே அந்த டிரேடை ரத்து செய்தது.

காரணம், அவருடைய ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்து. 2020-ல் ஒட்டாவா செனட்டர்ஸ் அணியில் சேரும்போதே அதைக் கேட்டு வாங்கியிருந்தார். "இந்தப் பத்து அணிகளுக்கு என்னை அனுப்பக் கூடாது" என்று அவர் பட்டியல் கொடுக்கலாம். அந்தப் பட்டியலில் அனஹைம் இருந்தது. ஒட்டாவா அவரை 2021-ல் வேகஸுக்கு அனுப்பியபோது, பட்டியல் விஷயம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. கோடிக்கணக்கில் பணம் புரளும் லீக்கில் ஒரு தாள் கைமாறாமல் போனதில் இவ்வளவும் நடந்தது.

சரி, இந்த ஷரத்து என்றால் என்ன?

என்.எச்.எல்.லில் ஓர் அணி தன் வீரரை இன்னொரு அணிக்கு மாற்ற அவரிடம் கேட்க வேண்டியதில்லை. காலையில் பயிற்சிக்குப் போனவர் மாலையில் வேறு நாட்டு அணியின் ஆளாகிவிடலாம். இதற்கு எதிரான பாதுகாப்புதான் நோ-டிரேட் ஷரத்து. முழுசாக இருந்தால் எங்கேயும் அனுப்ப முடியாது. பாதியாக இருந்தால், டடோனோவ் மாதிரி ஒரு பட்டியல். இதைவிடக் கெட்டியானது நோ-மூவ்மென்ட் ஷரத்து. அது இருந்தால் டிரேட் செய்ய முடியாது, கீழ்நிலை லீக்குக்கு இறக்கிவிட முடியாது, 'வெய்வர்ஸ்' வழியாகவும் தள்ள முடியாது. வெய்வர்ஸ் என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

எல்லோருக்கும் இது கிடைக்காது. 27 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது லீக்கில் ஏழு சீசன் முடித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஷரத்து உயிர்பெறும்.

அணிகள் இதை ஏன் கொடுக்கின்றன என்பதில்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சம்பளத் தகராறில் 2004-05 சீசன் ஓர் ஆட்டம்கூட நடக்காமல் ரத்தானது. அதிலிருந்து பிறந்ததுதான் சம்பள உச்சவரம்பு. முதல் வருடம் ஓர் அணிக்கு 3 கோடியே 90 லட்சம் டாலர். 2025-26-ல் 9 கோடியே 55 லட்சம் டாலர். அதற்கு மேல் போக முடியாது. ஆகவே பேச்சுவார்த்தையில் மேனேஜர் கையில் பணம் தீர்ந்துபோகும்போது, உச்சவரம்புக் கணக்கில் ஒரு டாலர்கூட ஏறாத பண்டம் ஒன்றைக் கொடுக்கிறார். அதுதான் இந்த ஷரத்து. வீரர் அதற்காகக் கொஞ்சம் சம்பளத்தை விட்டுக்கொடுக்கிறார்.

நான் அழுத்திச் சொல்ல வருவது இதுதான்: அது சலுகை என்று நினைக்காதீர்கள், அது சம்பளத்தின் ஒரு பகுதி. வீரர் விலை கொடுத்து வாங்கியது.

இப்போது பி.கே. சுப்பன் கதைக்கு வாருங்கள். மான்ட்ரியால் கனடியன்ஸ் அணியின் டிஃபென்ஸ்மேன், அதாவது தடுப்பாட்டக்காரர், 2013-ல் லீக்கின் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பை வாங்கியவர். 2014 ஆகஸ்டில் எட்டு ஆண்டுக்கு 7 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார். அடுத்த ஆண்டு அந்த ஊர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு கோடி டாலர் திரட்டித் தருவதாக உறுதி கொடுத்தார். ஊரோடு ஒன்றிப்போன மனிதர். 2016 மே மாதம் அவருக்கு 27 வயது முடிந்தது. அவருடைய பாதுகாப்பு ஷரத்து ஜூலை 1-ம் தேதி அமலுக்கு வர வேண்டும்.

[திரையில்: 2016 ஜூன் 29]

ஜூன் 29 அன்று அவரை நாஷ்வில் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு அங்கிருந்து ஷே வெபர் என்கிற வீரர் வந்தார். இரண்டே நாள்! விதிப்படி தப்பே இல்லை. ஆனால் அந்த ஷரத்தைக் கொடுத்துத்தான் கையெழுத்து வாங்கினீர்கள், அது உயிர்பெற 48 மணி நேரம் இருக்கும்போது ஆளையே அனுப்புகிறீர்கள். எனக்கு இன்றுவரை அது உறுத்துகிறது. அதோடு, அமலுக்கு வராத ஷரத்தைப் புது அணி மதிக்க வேண்டிய கட்டாயமும் அன்று கிடையாது. சுப்பன் 2019-ல் நாஷ்வில்லில் இருந்து நியூ ஜெர்சிக்கு மாற்றப்பட்டார்.

இந்த ஓட்டையை 2020-ல் அடைத்தார்கள். வீரர்கள் சங்கமும் லீக்கும் போட்ட புது உடன்பாட்டின்படி, அமலுக்கு வருவதற்கு முன்பே மாற்றினாலும் ஷரத்து வீரரோடு கூடவே போகும். நல்ல திருத்தம், சுப்பனுக்குத்தான் உதவவில்லை.

அப்புறம் அந்த வெய்வர்ஸ். ஒரு வீரரை வெய்வர்ஸில் வைத்தால், எந்த அணி வேண்டுமானாலும் அவரை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கணக்குப்படி அது டிரேட் ஆகாது. ஆகவே நோ-டிரேட் பட்டியல் அங்கே செல்லாது. 2024 ஜூனில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் இதைத்தான் செய்தது. டாம்பா அணியோடு இரண்டு முறை லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்ற பார்க்லே குட்ரோவை வெய்வர்ஸில் வைத்தார்கள். அந்த சீசனில் லீக்கிலேயே கடைசி இடம் பிடித்த சான் ஹோசே அவரை எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் கழித்து ரேஞ்சர்ஸ் கேப்டன் ஜேக்கப் ட்ரூபாவின் முறை. அனஹைம் போக ஒப்புக்கொள், இல்லாவிட்டால் வெய்வர்ஸ் என்ற நிலை. அவர் அனஹைம் போனார். எங்கே போய் விழுவோம் என்று தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்த இடம் மேல் என்றுதான் யாரும் முடிவெடுப்பார்கள். அந்தச் சம்மதத்தைச் சம்மதம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பட்டியலில் இருக்கும் அணிகள் வெய்வர்ஸிலும் அந்த வீரரை எடுக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ரசிகர்களின் கோபத்துக்கும் வருகிறேன், ஏனென்றால் டொராண்டோவில் இருக்கும் நம் ஆட்கள் பலரிடம் இதே கோபத்தைக் கேட்டிருக்கிறேன். மிட்ச் மார்னர். பிறந்தது டொராண்டோ பக்கத்து மார்க்கமில், அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே பலருக்குச் சித்தப்பா வீடோ மாமா வீடோ ஞாபகம் வரும். 2025 மார்ச்சில், கரோலினாவுக்குப் போகிறாயா, பதிலுக்கு மிக்கோ ரன்டனனை வாங்கிக்கொள்கிறோம் என்று அவர் ஆடிய டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி கேட்டது. அவரிடம் முழு நோ-மூவ்மென்ட் ஷரத்து இருந்தது. மாட்டேன் என்றார். ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் வேகஸுக்குப் போனார், டொராண்டோவுக்குக் கிடைத்தது நிக்கொலா ருவா ஒருவர்தான். "ஊரை ஏமாற்றிவிட்டான்" என்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்த ஷரத்து அமலுக்கு வந்தது 2023 ஜூலை 1. அதற்கு முன் அவரை மாற்ற அணிக்கு வருடக்கணக்கில் நேரம் இருந்தது. அணி மாற்றவில்லை. 2008-ல் அதே டொராண்டோ அணியின் கேப்டன் மாட்ஸ் சுன்டின் வேறு அணிக்குப் போக மறுத்தபோதும் இதே பேச்சுதான். பாதி சீசனில் வேறு அணியில் ஒட்டிக்கொண்டு கோப்பை வாங்குவதில் தனக்கு நிறைவில்லை என்றார். அந்த டிசம்பரிலேயே வான்கூவரில் நடு சீசனில் போய்ச் சேர்ந்தது பலரை வருத்தியது, எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனாலும் மறுக்கிற உரிமை அவருடையது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அணி.

டடோனோவ் என்ன ஆனார்? தன்னை அனுப்பிவிட்ட அதே அணியின் டிரெஸ்ஸிங் ரூமுக்குத் திரும்பினார். மிச்ச ஆட்டங்களை ஆடினார். வேகஸ் தன் வரலாற்றில் முதல்முறையாகக் கோப்பைக்கான கடைசிக் கட்டமான பிளேஆஃபுக்குத் தகுதி பெறாமல் போனது. கோடையில் அவரை மான்ட்ரியாலுக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு வேகஸ் வாங்கியது, காயத்தால் ஆட்டத்தை விட்டுவிட்ட ஷே வெபரின் ஒப்பந்தத்தை. ஆமாம், சுப்பனுக்குப் பதிலாக வந்த அதே வெபர்.

2023 நவம்பரில் லீக் அந்தப் பட்டியல் குழப்பத்துக்குத் தண்டனையை அறிவித்தது: ஒட்டாவா தன் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பு ஒன்றை, அதாவது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை, இழக்க வேண்டும். அதே நாளில் ஒட்டாவாவின் ஜெனரல் மேனேஜர் பியர் டோரியனும் பதவியை விட்டுப் போனார்.