காலையில் ஒரு சீட்டு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். "தினமும் ஒரு டாரட் சீட்டு எடுத்துப் பார்ப்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறதா, விதியின் மேல் பாரத்தைப் போட வைக்கிறதா?" என்பது தலைப்பு. டாரட் என்பது பலர் குறி பார்க்கப் பயன்படுத்தும் படச் சீட்டுக் கட்டு. சிந்திக்க வைக்கிறது என்று பேச வந்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளாகத் தினமும் காலையில், காபி ஆறுவதற்குள் ஒரு சீட்டை எடுத்துப் பார்க்கிறவன் நான்.

எதிரணிச் சகோதரி, இந்தச் சீட்டுகளை எகிப்திய ரகசியம் என்று சொல்லி ஊரை ஏமாற்றுகிறார்கள் என்றார். இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் பக்கம். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான் போன்ற ஊர்களின் அரண்மனைகளில் ஆடிய சீட்டாட்டம் இது. எகிப்துக் கதையை 1781இல் பாரிஸில் எழுதியவர் கூர் த ஜெபலின் என்ற அறிஞர். அன்றைக்கு எகிப்திய எழுத்தை யாராலும் படிக்கக்கூட முடியாது! குறி சொல்லும் வேலை இந்தச் சீட்டுகளின் மேல் பெரிய அளவில் ஏறியதும் அந்தக் காலத்தில்தான். சரி, பிற்பாடு ஏறிய அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள் என்கிறேன்.

ஒரு டாரட் கட்டுக்கு 78 சீட்டுகள். அவற்றில் பெரும்பாலானவை கோல், கிண்ணம், வாள், காசு என்ற நான்கு வகை. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். அந்தக் கட்டு 1909இல் லண்டனில் வெளிவந்தது. அதுவரை பெரும்பாலான கட்டுகளில் ஐந்து கிண்ணம் என்றால் ஐந்து கிண்ணத்தின் படம்தான் இருக்கும். அந்தப் பெண்தான் அப்படிப்பட்ட சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் மனிதர்களை நிறுத்தினார். அதிகம் சம்பாதிக்காமலேயே 1951இல் இறந்தார். இன்றும் பலர் அந்தக் கட்டைப் பதிப்பாளர் பெயரால்தான் சொல்கிறார்கள். எனக்கு அது மனசுக்குச் சங்கடம், அதனால்தான் அவர் பெயரை இந்த மேடையில் சொன்னேன்.

அவர் வரைந்த ஐந்து கிண்ணச் சீட்டைச் சொல்கிறேன். கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் தலை குனிந்து நிற்கிறார். எதிரே மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. அம்மா இறந்து நாற்பது நாள்கூட ஆகாத ஒரு காலையில் இது என் கைக்கு வந்தது. கவிழ்ந்த மூன்றும் உடனே கண்ணில் பட்டுவிட்டன. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு கிண்ணங்கள் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் திரும்பாததால் அவருக்கு அது தெரியவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். கூடத்தில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். அத்தனை நாளில் அவரிடம் சாப்பிட்டீர்களா என்று நான் கேட்டிருக்கவில்லை. அந்தச் சீட்டு எனக்கு எந்த எதிர்காலத்தையும் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. அப்பா பக்கத்தில் போய் உட்கார வைத்தது.

"இதுவும் கிளி ஜோசியம்தானே?" என்று கேட்டார்கள். அங்கே கிளி எடுக்கிறது, ஜோசியர் சொல்கிறார், நாம் கேட்டுக்கொள்கிறோம். இங்கே எடுப்பதும் நான், பதில் தேடுவதும் நான். எந்தச் சீட்டு வரும் என்பது தற்செயல்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நானாகத் தேர்ந்தெடுத்தால் எனக்குப் பிடித்ததைத்தான் யோசிப்பேன். நான் தள்ளிப்போட்ட விஷயத்தை என் முன்னால் வைப்பது அந்தத் தற்செயல்தான். பணம் பிடுங்கும் ஆட்களைப் பற்றியும் சொன்னார்கள். அவர்களுக்காக வாதாட நான் வரவில்லை.

அப்புறம், இந்தச் சீட்டுகள் இயற்கையையும் கவனிக்க வைக்கின்றன. இந்தக் கட்டின் கோல்களைக் கவனியுங்கள், வெட்டிய கம்பிலும் தளிர் விட்டிருக்கும். கோல் நெருப்பு, கிண்ணம் நீர், வாள் காற்று, காசு மண் என்று வைத்திருக்கிறார்கள். ஏழு காசுச் சீட்டில் ஒரு விவசாயி மண்வெட்டியில் சாய்ந்தபடி, தான் வளர்த்த செடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அது வந்த அன்று மொட்டை மாடிக்குப் போனேன். காய்க்கவில்லை என்று பிடுங்க நினைத்திருந்த மிளகாய்ச் செடியில் பூ எடுத்திருந்தது. தினமும் தண்ணீர் ஊற்றியும் அதை நின்று பார்த்ததில்லை.

கடைசியாக, சகோதரி 'மரணம்' சீட்டைத் தூக்கிக் காட்டி, காலையில் இதைப் பார்த்தால் பயம் வராதா என்றார். அதே சீட்டை இன்னொரு முறை உயர்த்திப் பிடிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு வருகிறது. அரசன் விழுந்து கிடக்கிறான். இளம்பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆனால் கீழே பாருங்கள், ஒரு சின்னக் குழந்தை பயமில்லாமல் குதிரையை நிமிர்ந்து பார்க்கிறது. தூரத்தில், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் இருக்கிறது.

சகோதரி, உங்கள் கட்டைவிரல் அந்தச் சூரியனை மறைத்துக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் நகர்த்துங்கள். அவையோரும் பார்க்கட்டும்.

நன்றி, வணக்கம்.