அளந்து போடுவோம்: தளம் மாறும் கணினியும் ஹிப் ஹொப் இசையும்

(சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, எங்கள் பங்குத்தந்தை அவர்களே, பிரதேச செயலகத்திலிருந்து வந்திருக்கும் கலாசார உத்தியோகத்தர் அவர்களே, பாடசாலை அதிபர் அம்மா அவர்களே, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்து முன்வரிசையில் இருக்கும் எங்கள் ஊர் உறவுகளே, தாய்மாரே, தம்பி தங்கைமாரே, எல்லோருக்கும் அன்பான வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமல் தொடங்குவது நன்றி மறந்த செயல். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது இந்த நிலையத்துக்குக் கூரை இல்லை, இருக்க ஒரு வாங்கும் இல்லை. ஐயா தன் வீட்டு விறாந்தையில் பத்திரிகை போட்டு ஊரை வாசிக்க வைத்தார். அதிபர் அம்மா பள்ளிக்கூடம் விட்ட பிறகும் பிள்ளைகளுக்காகக் கணினி அறையைத் திறந்து வைத்திருக்கிறார். குருக்கள் ஐயாவும் பாதரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து பிள்ளைகளின் ஆட்டத்துக்குக் கைதட்டியதைச் சற்று முன்தான் பார்த்தோம். அவர்கள் அனைவருக்கும் என் நன்றி.

சரி, விடயத்துக்கு வருகிறேன். எனக்குத் தந்த தலைப்பு, கணினித் தளம், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள், மாறுவதும் ஹிப் ஹொப் இசையின் வளர்ச்சியும். எங்கள் இளைஞர் குழு வைத்த தலைப்பு இது. மூன்று விடயங்கள் சொல்லப் போகிறேன். ஹிப் ஹொப் எப்படிக் கருவி மாறி மாறி வளர்ந்தது என்பது ஒன்று. கணினியை மாற்றும்போது நாங்கள் எதை இழக்கிறோம் என்பது இரண்டு. இந்தத் துறையில் எங்கள் பிள்ளைகளுக்கு இருக்கும் வேலைவாய்ப்பு மூன்று. மூன்றுக்கும் அடியில் ஒரு பழமொழியை வைக்கிறேன்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. மாரியில் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது? ஆனாலும் என் அப்பாச்சி இதைச் சொல்லாத நாள் இல்லை. அரிசி கழுவிய தண்ணீரைக்கூட எந்த வாழைக்கு எவ்வளவு என்று பார்த்துத்தான் ஊற்றுவார்.

ஹிப் ஹொப் பிறந்த நாள் என்று எல்லோரும் கொண்டாடுவது 1973 ஆகஸ்ட் 11. இடம், நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்க அடுக்குமாடி வீடு. பள்ளிக்கூடம் தொடங்க முன் புது உடுப்பு வாங்கக் காசு சேர்ப்பதற்காக சின்டி என்ற பிள்ளை ஒரு விருந்து வைத்தார். பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ் கம்பல். ஜமெய்க்காவில் பிறந்து குடிபெயர்ந்து வந்த 18 வயது இளைஞர். உலகம் அவரை டிஜே கூல் ஹேர்க் என்று அறியும். பாட்டில் பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் இடம் வந்தால் சனம் துள்ளி ஆடுவதை அவர் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, இரண்டு சுழல்மேசைகளில் மாற்றி மாற்றிப் போட்டு, சில விநாடித் தாளத்தை நிமிடக் கணக்கில் நீட்டினார். அதுதான் வித்து. பிறகு பூங்காக்களில் ஆட்டம் நடந்தபோது தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்தார்கள்.

மின்சாரம் என்றதும் எனக்கு ஒரு கதை வருகிறது. மூத்தவர்களுக்கு இது தெரியும், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1990களில் போரால் இங்கே பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. என்ன செய்தோம்? சைக்கிளை இரட்டைத் தாங்கியில் நிறுத்தி, டைனமோவைப் பின் சில்லில் அழுத்தி, கெட்டுப்போன றேடியோவிலிருந்து கழற்றிய டயோட்டை நடுவில் வைத்து, இரண்டு வயரை கசற் பிளேயருக்குள் விட்டோம். எங்கள் ஒழுங்கையில் ஒரு கலியாணம். பந்தல், தோரணம், பலகாரம் எல்லாம் உண்டு. பாட்டுக்கு ஒரு சைக்கிளும், உழக்க ஒரு பொடியனும். பொடியன் கெட்டிக்காரன், ஆனால் காலையிலிருந்து சாப்பிடவில்லை. மாப்பிள்ளை வாசலுக்கு வரும் நேரம் கால் களைத்துவிட்டது. கசற்றில் பாடிக்கொண்டிருந்த அம்மாவின் குரல் மெல்ல மெல்ல இறங்கி ஒரு கிழவனின் குரலாகிவிட்டது. பெண்ணின் பெரியப்பா பந்தலுக்குள் இருந்து, "டேய் தம்பி, உழக்கடா!" என்று கத்தினார். யாரோ ஓடிப் போய் அவன் வாயில் ஒரு வடையைத் திணித்தார்கள். வடை உள்ளே போனதும் பிடித்தான் பாருங்கள் ஒரு வேகம், குரல் சின்னப் பிள்ளையின் குரலாக ஏறிவிட்டது. சனம் வயிறு வலிக்கச் சிரித்தது. அவன் அதோடு விடவில்லை. சிரிப்பு வந்த இடத்தைப் பிடித்துக்கொண்டான். தாளம் வரும் இடத்தில் வேண்டுமென்றே ஒரு உழக்கு, ஒரு நிறுத்தம், இன்னொரு உழக்கு. சின்னப் பிள்ளைகள் அதற்கு ஆடத் தொடங்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமனும் ஆடினார். புரொங்ஸ் பிள்ளைகள் இசைத்தட்டைக் கையால் திருகிச் செய்ததை எங்கள் பொடியன் காலால் செய்தான். எங்கள் ஊரின் முதல் டிஜே அவன்தான் என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

பிறகு என்ன நடந்தது? 1980இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிஆர் 808 என்ற தாளப் பெட்டியைச் செய்தது. உண்மை டிரம் போல ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கினார்கள். 1983இல் உற்பத்தியே நின்றுவிட்டது. அதன் பிறகு அது பழைய பொருள் கடைகளுக்கு வந்தது. மலிவாகக் கிடைத்ததால் காசில்லாத பிள்ளைகள் வாங்கினார்கள். இன்று உங்கள் பிள்ளையின் போனில் கேட்கிற பாட்டுகளில் அடிவயிற்றில் இடிக்கிறதே ஒரு ஓசை, அதன் பிறப்பிடம் அந்தப் பெட்டிதான். 1988இல் அக்காய் நிறுவனத்தின் எம்பிசி 60 வந்தது. பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, ஒரு பொத்தானில் வைத்து, விரலால் தட்டி வாசிக்கலாம். 1990களின் பிற்பகுதியில் ஃபுரூட்டிலூப்ஸ் போன்ற இசை மென்பொருள்கள் வந்தபின் வீட்டுக் கணினியே கலையகமாகிவிட்டது.

இங்கே என் பழமொழியைக் கவனியுங்கள். ஹிப் ஹொப் பிள்ளைகள் கருவி மாறினார்கள், மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் தாத்தா காலத்துத் தாளத்தைக் கூடவே கொண்டு போனார்கள். அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் என்ற கலைஞர் வாசித்த ஒரு சில விநாடித் தாளம் எண்ணற்ற ஹிப் ஹொப் பாட்டுகளுக்குள் ஓடுகிறது. அதற்குரிய காசு அவருக்குப் போய்ச் சேரவில்லை, அது பெரிய அநியாயம். ஆனால் அவர் கை ஓசை சாகவில்லை.

தமிழுக்கும் இது வந்தது. மலேசியாவில் யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் தமிழ் ராப், அதாவது ஹிப் ஹொப் தாளத்துக்குப் பேச்சுப் போல வரி சொல்லும் பாட்டு, தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து பின் இலண்டன் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், ரோலண்டின் எம்சி 505 என்ற ஒரு பெட்டியை வைத்து முதல் பாட்டுகளை உருவாக்கினார். தந்தையின் பெயரால் அமைந்த அவருடைய முதல் தொகுப்பு 2005இல் வந்தது.

இப்போது எங்கள் பொடியன்களுக்கு நான் கேட்கும் கேள்வி. நீங்களும் ராப் செய்கிறீர்கள், நான் கேட்டிருக்கிறேன், நன்றாக இருக்கிறது. வெட்டி எடுக்க எங்கள் தாத்தாமாரின் ஓசை எங்கே? தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்த மண் இது. நாட்டுக்கூத்து விடிய விடிய ஆடிய மண். அந்த ஓசையெல்லாம் கசற்றில் இருக்கிறது. கசற் அலுமாரியின் மேல் தட்டில், பூஞ்சணம் பிடித்து.

ஆகவே கணினிக்கு வருகிறேன். எங்கள் கணினிகளை இயக்கும் விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. எங்கள் நிலையத்தின் கணினிகள் பழையவை. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் அவற்றில் இல்லை. தூக்கி எறியத் தேவையில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் இருக்கிறது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கியது. காசு கேட்காது, பழைய இயந்திரத்திலும் ஓடும், தமிழும் நன்றாக வரும். மாறுவோம். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் மாறும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தோமா?

ஓர் அச்சகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குடும்பம் தங்கள் அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகமான கல்வெட்டைப் பத்தாம் ஆண்டு நினைவுக்குத் திருத்தி அச்சிடக் கேட்டது. பழைய கோப்பு இருந்தது. புதுக் கணினியில் திறந்தால், தமிழ் என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எல்லாப் பக்கமும் அப்படித்தான். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அது. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டும். எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலம்தான் மிஞ்சும். எல்லாக் கணினியும் ஏற்கும் பொது எழுத்து முறையான ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழுக்கென்று தனி இடம் 1991இலேயே இருக்கிறது. பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. அதைச் செய்யாமல் கணினியை மாற்றுவது, 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்கு அஞ்சி நாங்கள் ஊரை விட்டு ஓடியதைப் போன்றது. அன்று பெட்டியில் எதை வைப்பது என்று பார்க்க எங்களுக்கு நேரம் தரப்படவில்லை. 1981இல் எங்கள் யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 நூல்கள் எரிந்தபோதும் யாரும் எங்களைக் கேட்கவில்லை. இன்று நேரம் இருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

ஆகவே இந்த மேடையில் நான் கேட்பது இதுதான். எங்கள் நிலையத்தில் ஒரு மேசையை ஒலி மேசை என்று ஒதுக்குங்கள். ஒரு கசற் பிளேயர், ஒரு வயர், லினக்ஸ் போட்ட ஒரு பழைய கணினி, ஓடாசிற்றி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள் போதும். ஒரு மணி நேரக் கசற்றைத் தரம் குறையாமல் வேவ் கோப்பாகப் பதிந்தால் சுமார் 600 மெகாபைட் வரும். தரம் குறையாமலே சுருக்கும் ஃபிளாக் கோப்பாக்கினால் ஏறக்குறையப் பாதி. இரண்டு வன்தட்டில் இரண்டு பிரதி, ஒன்று இங்கே, ஒன்று வேறு ஊரில். இணைய நூலகம் நடத்தும் நூலகம் நிறுவனம் 2005இலிருந்து எங்கள் நூல்களை எண்ணிமமாக்கி, அதாவது கணினிக் கோப்பாக்கி, வருகிறது. ஓசைக்கும் அப்படி ஓர் உழைப்பை ஒவ்வொரு ஊரும் தானே செய்ய வேண்டும். பதிந்து முடிந்த தவிலை, கூத்துப் பாட்டை, உடையவர்களின் அனுமதியோடும் பெயரோடும் எங்கள் பொடியன்கள் வெட்டி ராப்பில் வைக்கட்டும். ஸ்டபிள்ஃபீல்டுக்கு நடந்த அநியாயம் எங்கள் தவில்காரர் ஒருவருக்கும் நடக்கக் கூடாது.

மூன்றாவதாக வேலைவாய்ப்பைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். தலைவர் ஐயா மணிக்கூட்டைப் பார்க்கிறார், பிள்ளைகளின் நாடகமும் காத்திருக்கிறது, அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

போகும்போது வாசலில் ஒரு கொப்பி இருக்கும். வீட்டில் கசற் இருப்பவர்கள் பெயரையும், கசற்றில் யாருடைய குரல், எந்த ஆண்டு, எந்த நிகழ்ச்சி என்பதையும் தெரிந்த அளவுக்கு எழுதிவிட்டுப் போங்கள். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். நாடா அறுந்திருந்தாலும் எறிய வேண்டாம், ஒட்டலாம். கனடா உறவுகளே, உங்கள் நிலவறைப் பெட்டிகளிலும் கொஞ்சம் தேடிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.