57 பந்தில் 38

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவன் நான். மட்டையைப் பிடித்ததைவிடப் பென்சிலைப் பிடித்ததுதான் அதிகம். ரன் வராத பந்துக்கு ஸ்கோர் புத்தகத்தில் ஒரு புள்ளி வைப்போம். ஓவர் முழுக்க ஆறு புள்ளி விழுந்தால் கோடிழுத்துச் சேர்த்து 'எம்' ஆக்கிவிடுவோம். அதுதான் மெய்டன்.

சமீபத்தில் ஓர் ஆட்டம். மேட் விரித்த பிட்ச். ஒரு பந்து முழங்காலுக்கு வந்தால் அடுத்தது மூக்குக்கு வருகிறது. ஓப்பனிங் இறங்கிய பையன் பார்த்துப் பார்த்து ஆடினான். எல்லைக்கோட்டுக்கு வெளியே தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்த கூட்டம் சும்மா இருக்குமா? "டொக்கு வைக்கிறான்டா, வெளிய வாடா" என்று ஒரே கூச்சல். ரோஷம் வந்து இறங்கி அடித்தான், ஸ்டம்பிங். பின்னாடியே மொத்த அணியும் சுருண்டது. மாலையில் கூட்டிப் பார்த்தால், இரண்டு அணியிலும் அவனைவிட வேகமாக ரன் எடுத்தவர் ஒருவரும் இல்லை.

ஒருநாள் ஆட்டத்தில் ஓப்பனரின் வேகம் என்றாலே நாம் ஸ்ட்ரைக் ரேட்டைத்தான், அதாவது நூறு பந்துக்கு எத்தனை ரன் என்பதைத்தான், பார்க்கிறோம். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே அந்த ஆட்டத்தின் வேகத்தையும் எழுத வேண்டும்.

1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஓப்பனர் ஸ்ரீகாந்த் 57 பந்தில் 38. நூறு பந்துக்கு 67 ரன் என்று கணக்கு. இன்று ஒருவர் அப்படி ஆடினால் டீக்கடையில் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள். ஆனால் அன்று இரண்டு அணியிலும் அதுதான் அதிகபட்ச ரன். இந்தியா 54.4 ஓவரில் 183, மேற்கிந்தியத் தீவுகள் 52 ஓவரில் 140. மொத்தமாகப் பார்த்தால் நூறு பந்துக்கு ஐம்பதுதான் அந்த ஆட்டம். அதில் 67 என்பது அதிரடி.

இதே கணக்கு கவாஸ்கரைக் காப்பாற்றாது. 1975 ஜூன் 7, லார்ட்ஸ், முதல் உலகக் கோப்பையின் முதல் நாள். இங்கிலாந்து 60 ஓவரில் 334. கவாஸ்கர் கடைசிவரை நின்று 174 பந்தில் 36. "அந்தக் காலம் அப்படி" என்று சிலர் சப்பைக்கட்டு கட்டுவார்கள். அதே நாளில், அதே பிட்சில், இங்கிலாந்தின் ஓப்பனர் டென்னிஸ் ஏமிஸ் 147 பந்தில் 137 அடித்தாரே! அவரும் அந்தக் காலத்து ஆள்தானே?

அதே கவாஸ்கர் 1987 உலகக் கோப்பையில், நாக்பூரில், காய்ச்சலோடு, நியூசிலாந்துக்கு எதிராக 88 பந்தில் 103. ஒருநாள் ஆட்டங்களில் அவர் அடித்த ஒரே சதம். ரன் விகிதத்தில் முந்தினால்தான் பிரிவில் முதலிடம் என்ற நிலை. 222 ரன் இலக்கை 32.1 ஓவரில் முடித்தார்கள். ஆகவே வேகம் என்பது சுபாவம் மட்டும் இல்லை.

விதிகளும் உண்டு. 1992 உலகக் கோப்பையில் முதல் 15 ஓவருக்கு, மைதானத்தில் போட்டிருக்கும் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர்கள். தலைக்கு மேல் தூக்கியடித்தால் ஆளில்லை என்பதை நியூசிலாந்தின் ஓப்பனர் கிரேட்பேட்ச் அங்கே காட்டினார். 1996 உலகக் கோப்பையில் இலங்கையின் ஓப்பனர்கள் ஜெயசூரியாவும் கலுவிதாரணவும் அதையே வழக்கமாக்கினார்கள். டெல்லியில் மூன்று ஓவரில் 42 ரன் வாங்கிய நினைவு நமக்கு இன்னும் கசக்கிறது. ஆனால் கொல்கத்தா அரையிறுதியில் ஸ்ரீநாத்தின் முதல் ஓவரிலேயே இருவரும் காலி. லாகூர் இறுதியாட்டத்திலும் இருவரும் நிற்கவில்லை. இரண்டு நாளும் தூக்கி நிறுத்தியவர் அரவிந்த டி சில்வா. ஓப்பனர் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம், பின்னால் அப்படி ஒருவர் இருந்தால்.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில், ஆஸ்திரேலியாவுடன் ஆடிய உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பார்த்தோம். ரோகித் 31 பந்தில் 47. அவர் போனபிறகு, 11-ஆவது ஓவரிலிருந்து கடைசிவரை நான்கே பவுண்டரி. 240-க்குச் சுருண்டோம். அவர் அவசரப்பட்டார் என்கிறார்கள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிச்சமிருந்த 40 ஓவரின் புள்ளிகளை எண்ணிவிட்டு அவரைத் திட்டட்டும். பதிலுக்கு ஆடிய ஆஸ்திரேலியாவின் ஓப்பனர் ஹெட் 120 பந்தில் 137. எதிர்முனையில் லபுஷேன் 110 பந்தில் 58, பெரும்பாலும் டொக்கு. யாரும் அவரை வெளியே வா என்று கத்தவில்லை, அங்கே அதுதான் தேவைப்பட்டது. இதே லபுஷேன் 2020 டிசம்பரில் கான்பெராவில் வார்னருக்குப் பதிலாக ஓப்பனிங் இறங்கியபோது, ஏழு ரன்னில் ஸ்டம்பைச் சாய்த்தவர் நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன். ஒருநாள் ஆட்டத்தில் அவருக்கு அது முதல் விக்கெட். சேலத்துக்காரன் இதைச் சொல்லாமல் விட முடியுமா?

அன்று மாலை அந்தப் பையன் என்னிடம் வந்து, "அண்ணா, என் ஸ்ட்ரைக் ரேட் எவ்வளவு?" என்று கேட்டான். சொன்னேன். முகம் சுண்டிப்போய் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தான். ஆட்டத்தின் வேகத்தை நான் கூட்டி முடித்தது அவன் போனபிறகுதான். புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு அவன் அணிக்கு ஆட்டம் இருக்கிறது.

வணக்கம்.