கதவு கெட்டதா, நிலை விரிந்ததா?

(தல்லாகுளத்தில் மூத்த குடிமக்கள் கூட்டம் ஒன்றில் இதய மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பரவாயில்லை, பேசிவிடலாம்.

"நெஞ்சைப் பிளக்காமல் தொடை வழியாகவே வால்வு லீக்கைச் சரிபண்ணலாமாமே டாக்டர்?" இப்போது பலரும் இந்தக் கேள்வியோடுதான் உள்ளே வருகிறார்கள். பண்ணலாம். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: எனக்கு எதனால் லீக் ஆகிறது? இதைக் கேட்காமல், வால்வின் இதழ்களைக் கவ்விச் சேர்க்கும் கிளிப்பின் விலையைக் கேட்பதில் பிரயோசனம் இல்லை.

இதயத்தின் இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது மைட்ரல் வால்வு. மற்ற மூன்று வால்வுக்கும் மூன்று இதழ், இதற்கு மட்டும் இரண்டு, நம் பழைய வீட்டு இரட்டைக் கதவு மாதிரி. கீழறை சுருங்கி ரத்தத்தை உடம்புக்குத் தள்ளும் நேரத்தில் இந்தக் கதவு இறுக மூட வேண்டும். மூடாவிட்டால் ஒரு பங்கு ரத்தம் பின்னாலேயே போகும், நுரையீரலில் நீர் தேங்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், மல்லாந்து படுத்தால் இருமல் வந்து ரெண்டு தலையணை கேட்கும், அப்புறம் கால் வீங்கும். இதை வீசிங், கேஸ், வயசு என்று சொல்லியே வருஷத்தைக் கடத்துபவர்கள் நிறைய. ஸ்டெதாஸ்கோப் வைத்தாலே சத்தம் கேட்கும், எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும்.

சரி, கதவு ஏன் மூடவில்லை? சிலருக்குக் கதவே கெட்டிருக்கும்: இதழ் தொளதொளத்து மேலறைக்குள் புடைத்திருக்கும், அல்லது அதைப் பிடித்திருக்கும் நரம்பு போன்ற நாண் அறுந்திருக்கும். இன்னும் சிலருக்குக் கதவு நன்றாகத்தான் இருக்கும், அதைத் தாங்கும் நிலைதான் விரிந்திருக்கும். மாரடைப்பு வந்து கீழறை ஊதிப் பெருத்தால் இரண்டு இதழும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் சந்து விழும். எக்கோவில் இரண்டுமே 'லீக்' என்றுதான் வரும், ஆனால் வைத்தியம் ஒன்றல்ல.

கிளிப்பின் யோசனை ஓர் அறுவை மருத்துவருடையது. 1991இல் இத்தாலியில் ஒட்டாவியோ அல்ஃபியேரி இரண்டு இதழ்களின் நடுவிளிம்பைச் சேர்த்துத் தையல் போட்டார். நடுவில் ஒட்டிவிட்டால் இருபுறமும் இரண்டு வழி இருக்கும், ரத்தம் இறங்கும், திரும்பாது. அந்தத் தையலைத்தான் மைட்ராகிளிப் கருவி குழாய் வழியாகப் போடுகிறது. மனிதருக்கு முதலில் வைத்தது 2003இல், வெனிசுவேலாவில். தொடையிடுக்கில் உள்ள சிரை வழியாக வலது மேலறைக்குப் போய், நடுச்சுவரில் ஊசியால் துளை போட்டு இடப்பக்கம் வந்து, மேலிருந்து வால்வுக்குள் இறங்கி இரண்டு இதழையும் கவ்விப் பிடிப்பார்கள். நோயாளிக்கு மயக்கம் கொடுத்து, தொண்டை வழியே எக்கோ குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டேதான் இத்தனையும். இதயம் துடித்தபடி இருக்கும், ஹார்ட்-லங் மெஷின் கிடையாது. பிடி சரியில்லை என்றால் விட்டுவிட்டு மறுபடி பிடிக்கலாம், எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

அப்படியானால் எல்லாருக்கும் இதையே போடலாமே? கதவு கெட்டவர் திடமாக இருந்தால், நெஞ்சைத் திறந்து பழுது பார்ப்பதுதான் இன்றும் முதல் தேர்வு, லீக் அதில்தான் நன்றாக நிற்கிறது. அறுவையைத் தாங்க முடியாத வயதும் உடம்பும் இருப்பவருக்குக் கிளிப். அமெரிக்காவில் 2013இல் அனுமதி கொடுத்ததும் இவர்களுக்குத்தான். நிலை விரிந்தவர்கள் கதை இன்னும் சுவாரசியம். 2018இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன, இரண்டிலும் அதே கிளிப். பிரான்சில் 304 பேரிடம் நடந்த ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. 614 பேரைச் சேர்த்த கோஆப்ட் ஆய்வில் இரண்டு வருஷத்தில் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 100க்கு 46 பேர் இறந்தார்கள், கிளிப்பும் போட்டவர்களில் 29 பேர். எப்படி? கோஆப்டில் முதலில் மாத்திரைகளை முழு அளவுக்கு ஏற்றிப் பார்த்து, அப்புறமும் லீக் பெரிதாக இருந்தவர்களையே எடுத்தார்கள், இதயம் அளவுமீறி ஊதியவர்களைச் சேர்க்கவில்லை. பெரும்பாலானோர் சொல்லும் விளக்கம் இது, நானும் இதைத்தான் நம்புகிறேன். அதனால் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு "கிளிப் போடுங்கள்" என்று வராதீர்கள்.

நம் ஊருக்கு இன்னொரு சங்கதி. மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வரும் நாற்பது வயசுப் பெண்களில் பலருக்குச் சின்ன வயசில் வந்த ருமாட்டிக் காய்ச்சல்தான் காரணம். அதில் இதழ் தடித்து, ஒட்டி, வாசலே குறுகியிருக்கும். அங்கே கிளிப் போட்டால் இன்னும் குறுகும். இவர்களில் அநேகருக்கு அறுவை சிகிச்சைதான் வழி. வாசல் குறுகல் மட்டும் இருந்தால் பலூன் விட்டு விரிக்கலாம், லீக் அதிகமிருந்தால் அதுவும் ஆகாது. பிள்ளைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து பின்னால் மூட்டு வீங்கினால் அது இந்த ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம், அலட்சியம் வேண்டாம், மூன்று வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி போடச் சொன்னால் நடுவில் விட்டுவிடாதீர்கள்.

வலப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வுக்கும் கிளிப் வந்துவிட்டது, 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நடக்க, மூச்சுவிட சுகமாகிறது என்று தெரிகிறது, ஆனால் முதல் ஒரு வருஷத்தில் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை.

கிளிப் மட்டுமே பல லட்சம். காப்பீட்டில் எவ்வளவு வரும் என்று அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே பின்வரிசையில் ஓர் அய்யா, கிளிப் போட்டால் அழகர்மலை ஏறலாமா என்று சீட்டு அனுப்பியிருக்கிறார். கிளிப் தடுக்காது அய்யா, உங்கள் கீழறையின் பலம் எவ்வளவு என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும், முதல் சில வாரம் சமதரையில் நடங்கள். பல் பிடுங்கப் போனால், உள்ளே கிளிப் இருப்பதைப் பல் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள், முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்.